அந்தமான் டூருக்கு 47,000 ரூபா, அலமாரி மேல தூங்கினது 31,000 ரூபா!



இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, என் தங்கச்சி ரூம் அலமாரி மேல இருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினோம். உள்ள மஞ்சளாகிப் போன ரெசின் பாட்டில், கவர் பிரிக்காத சிலிக்கான் மோல்டுகள், கடல் நீலத்துல ஏழெட்டு உல்லன் நூல் உருண்டை, ஒரு கட்டு பேக்கிங் பாக்ஸ் எல்லாம் இருந்துச்சு. அம்மா கேட்டாங்க: "இதெல்லாம் எவ்வளவுடி இருக்கும்?" அவ பதில் சொல்லாம பெட்டியை மூடிட்டா.

எனக்குத் தெரியும், மொத்தம் 31,000 ரூபா. அதுவும் கடன் வாங்கின காசு.

அவகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். "எழுதுண்ணா, யாராவது ஒருத்தராவது தப்பிச்சா சரி"ன்னு சொன்னா. உங்கள்ல நிறைய பேர் வேலைக்குப் போய்க்கிட்டே குரோஷா, எம்பிராய்டரி, மேக்ரமே, ரெசின்னு ஏதாவது ஒரு கைவேலை பண்றீங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கயாவது போகணும்னும் ஆசைப்படுறீங்க. ரெண்டுமே நல்ல ஆசைதான். ஆனா ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா என்ன ஆகும்னு பார்ப்போம்.

கதை எங்க ஆரம்பிச்சுது?

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பிப்ரவரி மாசம் அவளும் அவ காலேஜ் தோழியும் அந்தமான் போனாங்க. 5 இரவு, 6 பகல். சென்னையில இருந்து ஃப்ளைட்ல ரெண்டேகால் மணி நேரம். போர்ட் பிளேர்ல (2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க) இறங்கி, செல்லுலார் ஜெயில் பார்த்துட்டு, அங்கிருந்து ஃபெர்ரியில ஹேவ்லாக், நீல் தீவுகள். இந்த ரெண்டுக்கும் 2018லயே ஸ்வராஜ் தீவு, ஷாஹீத் தீவுன்னு பேர் மாறிடுச்சு. ஆனா டிக்கெட் தேடும்போது பழைய பேரும் புதுப் பேரும் கலந்துதான் வரும், குழம்பிடாதீங்க.

அவளோட பங்குக்கு ஆன செலவு இது:

- ஃப்ளைட், போக வர: 16,000
- ரூம் (தோழியோட பாதிப் பாதி): 12,500
- தீவுக்குத் தீவு ஃபெர்ரி: 4,500
- டாக்சி, வாடகை ஸ்கூட்டர், பெட்ரோல்: 3,500
- சாப்பாடு: 6,000
- ஸ்கூபா: 4,500

மொத்தம் 47,000 ரூபா. கையில 36,000 சம்பளம் வாங்குற பொண்ணுக்கு இது பெரிய தொகைதான். ஆனா ஒரு வருஷம் திட்டம் போட்டிருந்தா தாராளமா சமாளிச்சிருக்கலாம்.

அவ திட்டம் போடல, லோன் போட்டா. ஒரு மொபைல் ஆப்ல 80,000 ரூபா பர்சனல் லோன். வட்டி 18%, 24 மாசம். "டூர் 47,000தானே, எதுக்கு 80,000?"ன்னு நான் கேட்டப்போ வந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்:

"மீதி முதலீடுண்ணா. அங்க பார்க்கிறதை எல்லாம் வச்சு ஊருக்கு வந்து ஐட்டம் பண்ணி வித்தா, லோனை அதுவே அடைச்சிடும். டூரே ஃப்ரீ மாதிரி."

டூரே ஃப்ரீ. இந்த ரெண்டு வார்த்தைக்கு எவ்வளவு செலவாச்சுன்னு இப்போ பார்ப்போம்.

முதல் அடி: ஏர்போர்ட்லயே

அவ திட்டத்துல மெயின் ஐட்டம் ரெசின் தட்டு. ராதாநகர் பீச்சுல சிப்பி, சின்னச் சின்ன பவளத் துண்டு எல்லாம் பொறுக்கிட்டு வந்து, அதை ரெசின்ல பதிச்சு கடல் மாதிரி தட்டு பண்றது. டூர் கிளம்புறதுக்கு முன்னாடியே ஆஃபர்ல ரெசினும் மோல்டும் ஆர்டர் பண்ணியாச்சு. 9,000 ரூபா.

திரும்பி வரும்போது ஏர்போர்ட்ல பையை ஸ்கேன் பண்ணாங்க. தண்ணி பாட்டில்ல போட்டு வச்சிருந்த சிப்பி, பவளம் மொத்தத்தையும் எடுத்து வச்சிட்டாங்க. பவளமும் சில அரிய சங்கு வகைகளும் 1972ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. செத்துப் போய் கரை ஒதுங்கின பவளத்தையும் எடுத்துட்டு வரக்கூடாது. எச்சரிச்சு அனுப்பினதால அவ தப்பிச்சா. சட்டப்படி கேஸே போடலாம்.

அவங்க செஞ்சது சரிதான், தப்பு இவ பக்கம். அங்க கரை ஒதுங்குற சிப்பியிலதான் துறவி நண்டு குடியிருக்கும். வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு பாட்டில் அள்ளிட்டுப் போனா அதுங்க எங்க போகும்?

கைவேலை பண்றவங்களுக்கு ஒரு குறிப்பு: அந்தமான்ல இருந்து ஏதாவது கொண்டு வரணும்னா கடையில பில்லோட வாங்குங்க. போர்ட் பிளேர்ல சாகரிகான்னு அரசாங்கத்தோட கைவினைக் கடை இருக்கு. படாக் மரச் சாமான், பிரம்பு, மூங்கில் வேலை எல்லாம் கிடைக்கும். பில்லைப் பத்திரமா கைப்பையில வைங்க.

பணக் கணக்குலயும் இதுல ஒரு பாடம் இருக்கு. மூலப்பொருள் கைக்கு வருமா, அதை எடுக்கலாமான்னே தெரியாம 9,000 ரூபாய்க்கு சாமான் வாங்கியாச்சு. கல்யாணம் நிச்சயமாகும் முன்னாடியே மண்டபத்துக்கு முழுப் பணம் கட்டின மாதிரி.

ரெண்டாவது அடி: வீட்டுக்கு வந்ததும்

சிப்பி போனா என்ன, வேற ஐட்டம் பண்ணலாம்னு முடிவு பண்ணினா. குரோஷாவுல ஆமை கீ செயின். எம்பிராய்டரி ஹூப்ல ராதாநகர் சூரிய அஸ்தமனம், நீல் தீவோட கல் பாலம். சத்தியமா சொல்றேன், ரொம்ப அழகா இருந்துச்சு. அவ கைக்கு அந்த வேலை அப்படி வரும்.

ஆனா அந்தமான்லயே கைவினைச் சாமான்னு 8,000 செலவு. ஏற்கனவே சொன்ன ரெசின், மோல்டு 9,000. வந்தப்புறம் நூல், ஹூப், துணி, போட்டோ எடுக்க லைட், பேக்கிங் பாக்ஸ் ("நூறா வாங்கினா ஒண்ணு 9 ரூபாதான் விழும்ணா") எல்லாம் சேர்த்து இன்னொரு 14,000. கூட்டினா 31,000.

ரெசின்ல மொத்தமே மூணு தட்டுதான் பண்ணினா. ரெசின் வேலைக்கு காத்தோட்டமான இடம் வேணும், மாஸ்க், கையுறை வேணும். எங்க வீடு ரெண்டு ரூம். மூணாவது தட்டோட, "ஒண்ணு இந்த வாடை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"ன்னு அம்மா சொல்லிட்டாங்க.

மூணாவது அடி: வித்தது நிஜம், லாபம் நிஜமா?

முதல் மாசம் ஆபீஸ் நண்பர்கள், சொந்தக்காரங்க எல்லாரும் வாங்கினாங்க. 14 கீ செயின், ஒண்ணு 150. 6 பெரிய ஹூப், ஒண்ணு 700. மொத்தம் 6,300 ரூபா. லோன் இஎம்ஐ 3,994. "பார்த்தியா, இஎம்ஐ போக 2,306 மிச்சம்!"னு எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா.

நான் ஒரு பேப்பர் எடுத்துட்டு உட்கார்ந்தேன். இதே மாதிரி நீங்களும் உங்க கைவேலைக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கீ செயின்: நூல், பஞ்சு, வளையம், கண்ணு, கவர் எல்லாம் சேர்த்து 50 ரூபா. விலை 150. மிச்சம் 100. எடுக்கிற நேரம் ஒண்ணேமுக்கால் மணி. அதாவது மணிக்கு 57 ரூபா.

ஹூப்: சட்டம், துணி, நூல், பேக்கிங் 200 ரூபா. விலை 700. மிச்சம் 500. தையல் 9 மணி நேரம். போட்டோ எடுக்க, மெசேஜுக்குப் பதில் சொல்ல, கூரியர் ஆபீஸ் போக 2 மணி நேரம். மொத்தம் 11 மணி. அதாவது மணிக்கு 45 ரூபா.

அந்த மாசம் பொருள் செலவு 1,900 போக மிச்சம் 4,400. இஎம்ஐ 3,994 கட்டினா கையில நிக்கிறது 406 ரூபா. இதுக்கு அவ உழைச்சது கிட்டத்தட்ட 90 மணி நேரம். ஆபீஸ் முடிஞ்சு வந்து, தினம் ராத்திரி மூணு மணி நேரம்.

அவ ஆபீஸ் சம்பளத்தைப் பிரிச்சா (மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி) மணிக்கு 182 ரூபா வருது. கைவேலையில மணிக்கு 49. பொருளையெல்லாம் ஏற்கனவே கடன் காசுல வாங்கிட்டதால, வித்து வந்த 6,300ம் லாபம் மாதிரியே தெரிஞ்சுது.

ரெண்டாவது மாசம் விற்பனை 3,150. மூணாவது மாசம் 1,400. தெரிஞ்சவங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கி முடிச்சாச்சு. ஒரு ஆமையை மாட்டின சாவிக்கு ரெண்டாவது ஆமை எதுக்கு? ஆனா இஎம்ஐக்கு மட்டும் தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு வித்தியாசமே இல்ல. அஞ்சாம் தேதியானா வந்துடும்.

நாலாவது மாசம் அவளுக்கு மணிக்கட்டு வலி. அஞ்சாவது மாசம் ஹூப்பைக் கையில எடுக்கிறதையே விட்டுட்டா. சின்ன வயசுல இருந்து மனசு சரியில்லன்னா ஊசி நூலை எடுத்துட்டு உட்கார்ற பொண்ணு அவ. "அதைப் பார்த்தாலே இஎம்ஐ ஞாபகம் வருதுண்ணா"ன்னு சொன்னா. இந்த மொத்தக் கதையில பெரிய நஷ்டம் எனக்கு இதுதான்னு தோணுது. 31,000ஐத் திரும்பச் சம்பாதிச்சிடலாம்.

அப்போ தப்பு எங்க?

டூர் போனது தப்பில்ல. கைவேலையும் தப்பில்ல. விக்கணும்னு நினைச்சதும் தப்பில்ல. மூணு தனித்தனிப் பானையை ஒரே பானையில ஊத்தினதுதான் தப்பு.

டூர் ஒரு செலவு, சந்தோஷத்துக்குப் பண்ற செலவு. அது காசாத் திரும்ப வராது, வரணும்னு அவசியமும் இல்ல.

பொழுதுபோக்கும் செலவுதான். சினிமா, கிரிக்கெட் மாதிரி அதுக்கும் மாசம் ஒரு தொகை ஒதுக்கிடணும்.

வியாபாரம் மட்டும்தான் முதலீடு. அதுக்குக் கணக்கு நோட்டு வேணும், வாங்குற ஆள் வேணும், உங்க நேரத்துக்கு ஒரு விலை வேணும்.

நம்ம மனசு என்ன பண்ணுதுன்னா, செலவு பண்றப்போ வர்ற குற்ற உணர்ச்சியை மறைக்க அதுக்கு "முதலீடு"ன்னு பேர் வச்சிடுது. பேரை மாத்தினா வட்டி குறையாது.

பானை 1: டூருக்கு முன்னாடியே சேருங்க

அவ வாங்கின லோனை முழுசாக் கட்டியிருந்தா: 3,994 × 24 = 95,856. அதுக்கு மேல பிராசஸிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி, ஆக 1,888. 80,000 கடனுக்கு அதிகமாப் போறது 17,744 ரூபா. கைக்கு வந்ததோ 78,112தான்.

இதையே திருப்பிப் போடுங்க. டூருக்கு 47,000, அங்க ஆசைக்கு வாங்க 5,000, ஆக 52,000 வேணும். மாசம் 4,300 வீதம் 12 மாசம் ஆர்டி போட்டா 51,600. 6.5% வட்டின்னு வச்சா இன்னும் சுமார் 1,800 கூட வரும்.

பின்னாடி 24 மாசம் 3,994 கட்டுறதா, முன்னாடி 12 மாசம் 4,300 கட்டுறதா? மாசத் தொகையில வித்தியாசம் 306 ரூபா. காலத்துல வித்தியாசம் ஒரு முழு வருஷம்.

அந்தமானுக்குச் செலவைக் குறைக்க நாலு விஷயம்:

1. டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரத்தைத் தவிருங்க. ஃப்ளைட்டும் ரூமும் ரெண்டுமே எகிறும்.
2. தீவுகளுக்கு நடுவுல அரசாங்க ஃபெர்ரியும் ஓடுது. தனியார் ஃபெர்ரியை விட மெதுவாப் போகும், ஆனா கட்டணம் ரொம்பக் கம்மி.
3. சென்னையில இருந்து கப்பலும் உண்டு. ஆனா ஒரு வழிக்கே சுமார் மூணு நாள். டிக்கெட்ல மிச்சம் பிடிச்சு ஆறு நாள் லீவை இழக்கலாமா? லீவும் காசுதான், கணக்குல சேர்த்துக்கோங்க.
4. கடல் சரியில்லன்னா ஃபெர்ரியை ரத்து பண்ணிடுவாங்க. திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துடுங்க. ஃப்ளைட்டைத் தவற விட்டா கடைசி நேர டிக்கெட் பட்ஜெட்டையே கவுத்துடும்.

அடுத்தது எல்டிஏ. உங்க சம்பள ஸ்லிப்ல லீவ் டிராவல் அலவன்ஸ் இருக்கா பாருங்க. இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா, அந்தமான் டிக்கெட்டுக்கு வரி விலக்கு கேட்கலாம். ஏன்னா எல்டிஏ இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். பாலி, மாலத்தீவுக்கு எல்லாம் கிடையாது. போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான் விலக்கு. ரூம், சாப்பாடு, ஸ்கூபா சேராது. நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக், அதுல ரெண்டு பயணம். 2022 முதல் 2025 வரை ஒரு பிளாக் முடிஞ்சுது, அடுத்தது 2026 முதல் 2029 வரை. போன பிளாக்ல பயன்படுத்தாத ஒரு பயணத்தைப் புது பிளாக்கோட முதல் வருஷத்துல எடுத்துக்கலாம். நீங்க லீவு போட்டு நிஜமாவே போயிருக்கணும், டிக்கெட்டும் போர்டிங் பாஸும் கையில இருக்கணும். புது வரி முறையில இருந்தா இந்த விலக்கு இல்ல. இதுக்காக மட்டும் பழைய முறைக்குத் தாவாதீங்க, ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு முடிவெடுங்க.

பானை 2: பொழுதுபோக்குக்கு ஒரு மூடி

இப்போ என் தங்கச்சி வச்சிருக்கிற விதி ரெண்டு. மாசம் கைவேலைச் சாமானுக்கு 800 ரூபா, அதுக்கு மேல இல்ல. வீட்டுல இருக்கிற நூல்ல பாதியாவது தீர்ந்தாத்தான் புதுசு. "ஆஃபர் போயிடுமே"ன்னு தோணினா, ஆஃபர் அடுத்த மாசமும் வரும். எப்பவுமே வருது.

டூர்ல இருந்து கொண்டு வர்றதுக்கு அவ இப்போ ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கா. பார்த்த நிறம், கோடு, வடிவம் எல்லாம் அதுல வரைஞ்சுக்கிறா. ஏர்போர்ட்ல எந்த ஸ்கேனரும் அதைப் பிடிக்காது, செலவு 40 ரூபா.

பானை 3: விக்கணும்னா வியாபாரமா விக்கணும்

காசு போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பரீட்சை: உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத பத்துப் பேர், முழு விலை கொடுத்து வாங்கியிருக்காங்களா? சித்தி, டீம் லீட், பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் இதுல சேர மாட்டாங்க. அவங்க பாசத்துக்கு வாங்குறவங்க. பத்துப் பேர் ஆகுற வரைக்கும் மொத்தமா எதுவும் வாங்காதீங்க. ஒண்ணு 9 ரூபா விழுற பாக்ஸ் நூறை விட, ஒண்ணு 15 ரூபா விழுற பாக்ஸ் பத்து மலிவு.

விலை போடுற முறை:

பொருள் செலவு + (நேரம் × மணிக் கூலி) + வீணாகிறதுக்கு 10%.

மணிக் கூலியை நீங்களே முடிவு பண்ணுங்க, ஆனா பூஜ்ஜியம்னு மட்டும் போடாதீங்க. அவ 120 ரூபா போட்டா. பெரிய ஹூப்புக்குக் கணக்குப் பார்த்தா 200 + 1,320 = 1,520 வருது, அதுக்கு மேல 10%. 700க்கு வித்த பொருள் அது! அந்த விலைக்குச் சும்மா வாங்க ஆள் இல்ல. அதனால ரெண்டு மாத்தம் பண்ணினா.

ஒண்ணு, நாலு இஞ்ச் குட்டி ஹூப். மூணே டிசைன், மாத்திக் கேட்க முடியாது. பொருள் 110, மூணு மணி நேரத்துக்கு 360, வீணுக்கு 47. ஆக 517, விலை 550.

ரெண்டு, பெரிய ஹூப்பை ஆர்டர் வந்தா மட்டும். தேனிலவோ டூரோ போயிட்டு வந்தவங்க அவங்க போட்டோவை அனுப்பினா, அந்தக் காட்சியைத் தைச்சுத் தர்றா. 1,800 ரூபா, பாதி முன்பணம். தன்னோட டூர் ஞாபகத்தை 700க்குக் கூட வாங்க யோசிக்கிறவங்க, அவங்கவங்க டூர் ஞாபகத்துக்கு 1,800 தர்றாங்க. மாசத்துக்கு ஒண்ணு, சில மாசம் ரெண்டு. சில மாசம் ஒண்ணுமே இல்ல. ஆர்டர் இல்லாத மாசம் அவ கவலைப்படுறதும் இல்ல. ஏன்னா அதை நம்பி எந்த இஎம்ஐயும் இல்ல.

வரி, ஆபீஸ் விஷயம்: மறந்துடாதீங்க

முதல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிங்க. நிறைய கம்பெனிகள்ல வேற தொழில் பண்ணக் கூடாது, இல்லன்னா எழுத்துல அனுமதி வாங்கணும்னு இருக்கும். மாசம் 2,000 ரூபாய்க்காக வேலையைப் பணயம் வைக்காதீங்க.

கைவேலை விற்பனையில வர்ற லாபம் சின்னதா இருந்தாலும் வருமானம்தான். ஐடிஆர்ல காட்டணும். சின்ன வியாபாரத்துக்கு பிரிசம்ப்டிவ் முறைன்னு ஒண்ணு இருக்கு. முழுக் கணக்குப் புத்தகம் இல்லாமலே, யுபிஐ, பேங்க் வழியா வந்த விற்பனையில குறைஞ்சது 6%, ரொக்கத்துல வந்ததுல குறைஞ்சது 8% லாபம்னு காட்டலாம். நிஜ லாபம் அதை விட அதிகம்னா அதிகமாத்தான் காட்டணும். இதுக்கு ஐடிஆர்-4 ஃபார்ம்.

புது வரி முறையில மொத்த வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலையான கழிவும் சேர்ந்து 12.75 லட்சம். ஆனா அந்த எல்லையில சைடு வருமானமும் சேரும். உதாரணமா சம்பளம் 12.6 லட்சம், கைவேலை லாபம் 50,000. கழிவு போக மொத்தம் 12.35 லட்சம். எல்லையைத் தாண்டின 35,000 அப்படியே வரியாப் போகும், அதுக்கு மேல 4% செஸ். 50,000 சம்பாதிச்சதுல 36,400 போயிடும். எல்லைக்குப் பக்கத்துல இருக்கிறவங்க முன்னாடியே பார்த்துக்கோங்க.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுல பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தான் பதிவு வேணும். ஆனா வெளி மாநிலத்துக்கு அனுப்பும்போதும், ஆன்லைன் தளங்கள்ல விக்கும்போதும் தனி விதிகள் உண்டு. கைவினைப் பொருட்களுக்குச் சில சலுகையும் இருக்கு. பெருசா ஆரம்பிக்கிற முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட அரை மணி நேரம் பேசிடுங்க. உத்யம் பதிவு அரசாங்க தளத்துல இலவசம். அதுக்குக் காசு கேட்கிற தளத்துல மாட்டிக்காதீங்க.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்கு

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் இப்படி ஒரு லோன் ஓடிக்கிட்டு இருக்கலாம். என் தங்கச்சி எப்படி வெளிய வந்தான்னு சொல்றேன்.

எட்டு இஎம்ஐ கட்டினப்புறம் பாக்கி அசல் சுமார் 56,440. தீபாவளி போனஸ் வந்தப்போ அதுல 30,000 எடுத்து அசல்ல கட்டினா. இஎம்ஐயைக் குறைக்காம, காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டா. 16 மாசம் பாக்கி இருந்தது 7 மாசமா ஆச்சு. வட்டியில சுமார் 5,850 மிச்சம். முன்கூட்டியே கட்டினதுக்கு 4% கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 1,416 போச்சு. அப்பவும் 4,400க்கு மேல லாபம். உங்க லோன் பேப்பர்ல பகுதி பாக்கி கட்ட அனுமதி இருக்கா, கட்டணம் எவ்வளவுன்னு இன்னைக்கே பாருங்க.

அலமாரியில தூங்குற சாமானையும் காசாக்கலாம். பிரிக்காத மோல்டையும் லைட்டையும் அவ வேற கைவேலைக்காரங்களுக்குப் பாதி விலைக்கு இப்போ வித்துட்டா. நூலையும் பேக்கிங் பாக்ஸையும் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தீர்த்துக்கிட்டு இருக்கா. மஞ்சளான ரெசினுக்கு மட்டும் யாரும் வரல. அதைப் பாடம் கத்துக்கிட்ட ஃபீஸ்னு எழுதிட்டோம்.

லோன் முடிஞ்ச அன்னைக்கு அவ என்கிட்ட எதுவும் சொல்லல. ராத்திரி ஹால்ல டிவி பார்த்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து உட்கார்ந்து, ரொம்ப நாளைக்கப்புறம் ஊசியில நூல் கோர்த்தா. விக்கிறதுக்கு இல்ல. அம்மாவோட தலையணை உறைக்கு.

இப்போ அவ ஆர்டி மாசம் 3,000 ஓடுது, கைவேலையில என்ன வந்தாலும் அதுக்கு மேல அதுல சேரும். அடுத்த டூர் எங்கன்னு இன்னும் முடிவு பண்ணல. பணம் சேர்ந்ததும் பண்ணிக்கலாமாம்.

உங்க அலமாரி மேல என்ன பெட்டி இருக்கு, அதுல எவ்வளவு ரூபா தூங்குது? இந்த ஞாயித்துக்கிழமை இறக்கி ஒரு தடவை எண்ணிப் பாருங்க, தொகையைக் கமெண்ட்ல சொல்லுங்க. விலை போடுற கணக்கையும் லோன் கணக்கையும் ஒரு எக்செல் ஷீட்ல எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன்.

அடுத்த பதிவுல சந்திப்போம்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டும். வரி, கடன் விஷயத்துல முடிவெடுக்கும் முன்னாடி உங்க சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி ஒரு ஆடிட்டரைக் கலந்துக்கோங்க.)